இங்கிலாந்துக் கிராமங்களில் வசந்தகாலக் கார்ப் பயணம்: இருவருக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்துக் கிராமப்புறம் சுற்றலாம் என்று முடிவெடுத்த அன்றே பெரும்பாலான தம்பதிகள் வரைபடத்தைத் திறந்து புள்ளி வைக்கத் தொடங்கிவிடுவார்கள். பத்து நாளுக்குப் பதினைந்து ஊர் சேர்ந்துவிடும். இங்கிலாந்து சின்ன நாடுதானே, 30 மைல் என்ன பெரிய தூரமா என்று தோன்றும். அந்த 30 மைல் கிராமச் சாலையில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஆகவே புள்ளிகளைப் பாதியாகக் குறையுங்கள். குறைத்த பிறகு, மீதியையும் பாதியாக்குங்கள். பத்து நாளுக்கு இரண்டு இடத்தில் தங்கினால் போதும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. சாலையில் இடப்பக்கம் ஓட்டும் நாடு. இடப்பக்கம் ஓட்டியே பழகியவர்களுக்குப் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வாழ்பவர்களுக்கு முதல் நாள் மட்டும் கொஞ்சம் பதற்றமாக இருக்கும். இன்னொன்று, வயல்களுக்கு நடுவே போகும் பொதுநடைபாதைகள். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. காரை ஓர் ஊரில் நிறுத்திவிட்டு, வாயிற்படலைத் திறந்து யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலத்துக்குள் நடந்து போகலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எப்போது போவது

வசந்தம் அங்கே ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. மார்ச்சில் டாஃபடில் பூக்கும். ஏப்ரலில் செர்ரியும் மக்னோலியாவும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடுப்பகுதி வரை, தென்பகுதிக் காடுகளில் புளூபெல் பூத்துத் தரையே நீலமாக இருக்கும். அதே சமயத்தில் கடுகு இனத்துப் பயிரான ரேப் பூத்து வயல்கள் மஞ்சளாகக் கண்ணைக் கூசவைக்கும். மே மாதம் உயிர்வேலிகளில் ஹாதார்ன் வெள்ளையாகப் பூக்கும். ஆட்டுக்குட்டிகள் தாழ்நிலங்களில் மார்ச்சிலேயே துள்ளத் தொடங்கிவிடும். வடக்கு மலைப் பண்ணைகளில் ஏப்ரல், மே ஆகும்.

இதை வைத்துத்தான் பயணத்தின் திசையை முடிவு செய்ய வேண்டும். தெற்கில் தொடங்கி வடக்கே போங்கள். வசந்தமும் அதே திசையில்தான் நகர்கிறது. ஏப்ரல் கடைசியில் தெற்கே பார்த்ததில் ஒரு பகுதி மே முதல் வாரத்தில் வடக்கே உங்களுக்காக மறுபடியும் நடக்கும்.

தேதி குறிக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டரை ஒட்டிப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் விடுமுறை; அப்போது அறை வாடகையும் கூட்டமும் ஏறும். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை நாட்கள். கடைசித் திங்களை ஒட்டிய வாரம் பள்ளிகளுக்கும் விடுமுறை. ஈஸ்டர் விடுமுறை முடிந்து மே மூன்றாம் வாரம் வரை உள்ள காலம்தான் என் தேர்வு. முதல் திங்கள் நடுவில் வரத்தான் செய்யும். அந்த வார இறுதியில் ஊர் மாறாமல், இருக்கும் இடத்திலேயே நடந்து திரிந்தால் சரி.

பகல் நீளம் ஒரு பெரிய வரப்பிரசாதம். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். ஏப்ரல் நடுவில் மாலை எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், மே நடுவில் ஏறக்குறைய ஒன்பது வரை. இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

எங்கே தங்குவது

முதல் தங்குமிடம் காட்ஸ்வோல்ட்ஸ். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகளும் மென்மையான குன்றுகளும் உள்ள பகுதி. இடைக்காலத்தில் ஆட்டு ரோம வியாபாரத்தில் கொழித்த செல்வம் இங்கே தேவாலயங்களாக நிற்கிறது. இரண்டாவது யார்க்ஷயர் டேல்ஸ். 1954-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய சுவர்கள், ஆளில்லாத மேட்டு நிலங்கள், பள்ளத்தாக்குகள். முதலாவது அழகு, இரண்டாவது கம்பீரம். ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் நான் டேல்ஸைத்தான் சொல்வேன். ஆனால் முதல்முறை வெளிநாட்டில் ஓட்டுபவர்கள் காட்ஸ்வோல்ட்ஸில் கை பழகிவிட்டு டேல்ஸுக்குப் போவதுதான் நல்லது.

காட்ஸ்வோல்ட்ஸில் சிப்பிங் கேம்டனில் தங்கலாம். 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் கடைத்தெருவின் நடுவே நிற்கும். தேய்ந்த கல் தரையில் இன்றும் உள்ளே நடக்கலாம். டேல்ஸில் கிராசிங்டன் அல்லது ஹாஸ். கிராசிங்டன் மால்ஹமுக்கும், பழைய மடாலயத்தின் இடிபாடுகள் உள்ள போல்ட்டன் அபிக்கும் பக்கம். ஹாஸ் மேட்டு நிலத்துக்குப் பக்கம்.

விமானச் சீட்டை லண்டன் ஹீத்ரோவில் இறங்கி மான்செஸ்டரில் ஏறுவதுபோல் போட்டால், திரும்பவும் 250 மைல் தெற்கே ஓட்டும் நாள் மிச்சம். காரை வேறு ஊரில் விடுவதற்கு வாடகை நிறுவனம் கூடுதல் கட்டணம் கேட்கும். முன்பதிவின்போதே இரண்டு ஊரையும் போட்டு விலையைப் பாருங்கள். கட்டணம் சுள்ளென்று இருந்தாலும், விடுமுறையில் ஒரு முழு நாளின் விலை என்ன என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

விசா, உரிமம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வழக்கமான பார்வையாளர் விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். வசந்தத்தில் கூட்டம் இருக்கும், ஆகவே மூன்று மாதக் கதவு திறந்ததுமே போட்டுவிடுங்கள். மலேசியா, சிங்கப்பூர், கனடா கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசா தேவையில்லை. இணையவழிப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டால் போதும். விசா கையில் வரும்வரை அறைகளை ரத்து செய்யக்கூடிய விதத்திலேயே பதிவு செய்யுங்கள்.

சுற்றுலாவாக வருபவர் தன் நாட்டு ஓட்டுநர் உரிமத்தை வைத்து, வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் இருந்தாலும் சில வாடகை நிறுவனங்கள் அதைக் கேட்கும். சட்டம் ஒன்று சொல்லும், கவுண்டரில் இருப்பவர் வேறொன்று சொல்வார். அந்தக் கவுண்டரில் சட்டம் பேசி யாரும் வண்டி வாங்கியதில்லை. அனுமதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன்தான் அதை வாங்க முடியும்.

காரை எடுப்பது

சின்னக் கார் எடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கிராமச் சாலையின் அகலத்தைப் பார்த்ததும் பெரிய வண்டி எடுத்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார்கள். இரண்டு நடுத்தரப் பெட்டி உள்ளே போகும் ஹேட்ச்பேக் போதும். அதற்கேற்ப இருவருக்கும் தலைக்கு ஒரு பெட்டி என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவிலேயே அதைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்காவிட்டால் மேனுவல் கையில் வரலாம். வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் நல்லது. புதிய சாலை, புதிய பக்கம், இடது கையில் கியர் என்று மூன்றையும் ஒரே நாளில் மூளைக்குக் கொடுக்கக் கூடாது.

முன்பணத்துக்கு முதன்மை ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். மனைவி ஓட்டுநர், கார்டு கணவர் பெயரில் என்றால் பல இடங்களில் வண்டி தர மாட்டார்கள். இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்பார்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது நடந்துவிட்டால் காப்பீடு செல்லாது என்பதை நினைத்தால் அது பெரிய தொகை இல்லை.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான். வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில், சேதம் நடந்தால் முதலில் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒரு வரம்பு இருக்கும். அது ஆயிரம் பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. அந்த வரம்பை ஈடுகட்டும் தனிக் காப்பீட்டைக் கவுண்டரிலும் விற்பார்கள். பயணத்துக்கு முன்பே வெளியே தனியாக வாங்கினால் பெரும்பாலும் மலிவாக இருக்கும். எதை வாங்கினாலும் டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் அடங்குகிறதா என்று படியுங்கள். கிராமச் சாலையில் அடிபடுவது இந்த மூன்றும், பக்கக் கண்ணாடியும்தான்.

வண்டியைக் கையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். சுற்றி நடந்து நான்கு சக்கரங்களையும் கூரையையும் கீழ் விளிம்பையும் படம் எடுங்கள். உள்ளே உட்கார்ந்து எரிபொருள் முள், ஓடிய மைல் இரண்டும் தெரிய ஒரு படம். பெட்ரோலா டீசலா என்று மூடியில் பாருங்கள். அந்த நாட்டில் பெட்ரோல் குழாயின் பிடி பச்சை, டீசல் கறுப்பு. விளக்கு, வைப்பர், கண்ணாடிப் பனி நீக்கி எங்கே என்று தேடி வையுங்கள். ஹீத்ரோவைவிட்டு வெளியே வந்ததும் வேக நெடுஞ்சாலை. அங்கே வைப்பரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரவு முழுக்க விமானத்தில் வந்தவர்கள் அன்றே ஓட்டாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு தூங்கி, மறுநாள் காலை நெரிசல் ஓய்ந்தபின் கிளம்பினால், ஆக்ஸ்ஃபோர்டு வழியாகச் சிப்பிங் கேம்டன் சுமார் 80 மைல். இரண்டு மணி நேரம். மத்திய லண்டனுக்குள் காரோடு போகவே வேண்டாம். அங்கே நுழைவதற்கே கட்டணம், நிறுத்துவதற்கு அதைவிடக் கட்டணம்.

அறை

வார இறுதியில் பல விடுதிகள் குறைந்தது இரண்டு இரவு எடுத்தால்தான் தருவார்கள். நீங்கள் நான்கைந்து இரவு தங்கப்போவதால் அது உங்களைத் தொடாது. காலை உணவோடு அறை தரும் வீட்டு விடுதிகள் நன்றாக இருக்கும். வீட்டுக்காரரிடம் எந்தப் பாதையில் சேறு, எந்தக் காட்டில் புளூபெல் என்று கேட்டால் எந்தச் செயலியும் தராத பதில் வரும். பதியும்போது ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: கார் நிறுத்த சொந்த இடம் இருக்கிறதா? பழைய ஊர்களின் நடுவே அழகான அறை இருக்கும், காரை நிறுத்த அரை மைல் நடக்க வேண்டும். சமையலறை உள்ள சிறு வீடு எடுத்தால் சைவக்காரர்களுக்கும், தினமும் உணவகச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நிம்மதி.

சாலை

இந்தப் பகுதியை ஓட்டுபவர் மட்டும் படித்தால் போதாது.

வேகம் மைலில். 60 என்றால் மணிக்கு ஏறக்குறைய 97 கிலோமீட்டர். ஊருக்குள் பொதுவாக 30; பல ஊர்களில் 20 என்று பலகை இருக்கும். வேல்ஸ் எல்லையைத் தாண்டிப் போனால், 2023 செப்டம்பரிலிருந்து ஊர்ப்பகுதிகளில் 20-தான் வழக்கம். நெடுஞ்சாலையில் 70. வெள்ளை வட்டத்தின் குறுக்கே கறுப்புக் கோடு போட்ட பலகை ஒன்று வரும். தேசிய வேக வரம்பு என்று பொருள். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் அது 60. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவது. ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில், இரு பக்கமும் உயிர்வேலி, எதிரே வளைவு. அங்கேயும் அந்தப் பலகை நிற்கும். 60 போகலாம் என்று சட்டம் சொல்கிறது, போங்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சாலையில் 25 நல்ல வேகம். பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

ரவுண்டானாவில் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி. எந்த வெளிவழி என்று தெரியாவிட்டால் இன்னொரு சுற்று வாருங்கள். யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், அடித்தாலும் போகட்டும்.

ஒற்றைத்தடச் சாலையை விரிவாகப் பார்த்துவிடுவோம். சாலையோரம் இடைவெளி விட்டு விட்டு ஒதுங்கும் இடங்கள் இருக்கும். எதிரே ஒரு டிராக்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகக் கூடாது. அதன் எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்றால், டிராக்டர் அந்த இடத்துக்குள் ஒதுங்கி உங்களைத் தாண்டும். இடம் உங்களுக்குப் பின்னால் இருந்தால் ரிவர்ஸ். மேட்டில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது முறை. ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஜன்னலை இறக்கி இடது பின்சக்கரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் புல்லுக்கு அடியில் ஒரு பள்ளம் மறைந்திருக்கும். தாண்டியதும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கிக் காட்டுங்கள். டிராக்டர்க்காரர் பதிலுக்கு ஒரு விரல் தூக்குவார். அந்த ஊரில் அதற்கு நன்றி என்று பொருள், செய்யாவிட்டால் கவனிப்பார்கள். ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கப் போவது மட்டும் வேண்டாம்.

குதிரையில் வருபவர்களைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். டேல்ஸ் மேட்டில் வேலி இல்லாத சாலைகளில் ஆடுகள் படுத்திருக்கும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் குட்டி கடைசி நொடியில் தாயிடம் ஓடும் என்று வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த தடை வந்தால், அதைத் தாண்டியபின் மந்தை இருக்கும் என்று அர்த்தம்.

கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 200 பவுண்டு அபராதம், சிக்னலில் நிற்கும்போதும்கூட. வரைபடத்துக்குத் தாங்கி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும்; இரண்டு பகுதிகளின் வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்வது கட்டாயம். வழிகாட்டிச் செயலி ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த உங்களைச் சந்துபோன்ற சாலையில் தள்ளும். பலகையில் 'பி' என்ற எழுத்தோடு எண் போட்ட சாலைகள் பொதுவாக இரு வண்டி போகும் அகலம் உள்ளவை. முடிந்தவரை அவற்றிலேயே போங்கள்.

மஞ்சள் இரட்டைக் கோட்டில் நிறுத்தக் கூடாது. ஒற்றைக் கோடு என்றால் பக்கத்துப் பலகையில் நேரம் இருக்கும். கிராம நிறுத்துமிடங்களில் இயந்திரத்தில் கட்டணம் கட்டிச் சீட்டை உள்ளே தெரியும்படி வைக்க வேண்டும். சில பழைய இயந்திரங்கள் நாணயம்தான் வாங்கும், எனவே கொஞ்சம் சில்லறை காரிலேயே இருக்கட்டும். பெட்ரோல் பாதி இறங்கியதும் நிரப்புங்கள். மேட்டுப் பகுதியில் பங்க் குறைவு, இருப்பதும் சாயங்காலம் மூடிவிடும்.

ஒரு நாளை எப்படிக் கட்டுவது

காலையில் ஒரு இடம், ஒரு நடை. மதியம் சாப்பாடு. பிறகு மனம் போனால் இன்னொரு இடம். இடம் மாறும் நாள் தவிர, ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். உயிர்வேலிகள் உயரமாக இருப்பதால் காருக்குள்ளிருந்து பல இடங்களில் எதுவுமே தெரியாது. ஓட்டுபவருக்குத் தார்ச்சாலை மட்டும்தான். கார் உங்களை நடையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் வாகனம், அவ்வளவுதான்.

காட்ஸ்வோல்ட்ஸில் முதல் நாள் காரையே தொட வேண்டாம். சிப்பிங் கேம்டனிலிருந்து டோவர்ஸ் ஹில் மேட்டுக்கு நடந்து போனால் ஒரு மைல்தான். சமவெளி முழுக்கக் கீழே விரியும். இரண்டாம் நாள் பேட்ஸ்ஃபோர்டு மரத்தோட்டம், செர்ரியும் மக்னோலியாவும் அங்கே பேர்போனவை. ஹிட்கோட் தோட்டம் நான்கு மைல் தள்ளி. லோயர் ஸ்லாட்டரிலிருந்து அப்பர் ஸ்லாட்டருக்கு ஓடையை ஒட்டி ஒரு மைல் நடை, போய்த் திரும்பினால் பசி எடுக்கும். புளூபெல்லுக்கு ஃபாக்ஸ்ஹோல்ஸ் காடு. பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதித்த புளூபெல் மறுபடி எழ வருடங்கள் ஆகும். கிழங்கைத் தோண்டி எடுப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பைபரியில் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசையை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஆட்டு ரோமக் கிடங்காகக் கட்டியது, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறியது. நேரில் சின்னது. சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும் முன், காலை ஒன்பதுக்குள் போனால் பார்க்கலாம். பதினொன்றுக்குப் போனால் மற்றவர்களின் முதுகைப் பார்க்கலாம். கூட்டம் மொய்க்கும் இன்னொரு ஊரான போர்ட்டன்-ஆன்-த-வாட்டரை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

இடம் மாறும் நாள் சுமார் 200 மைல். நடுவே பேக்வெல்லில் இறங்கிச் சாப்பிடுங்கள். 1951-இல் அமைந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் இருக்கும் ஊர். அன்று வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

டேல்ஸில் ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால் மால்ஹம். ஊரிலிருந்து ஓடையோரம் போனால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி; வசந்தத்தில் அந்தக் காடு முழுக்கக் காட்டுப்பூண்டு மண்டி, கண்ணில் படுவதற்கு முன் மூக்கில் படும். அங்கிருந்து கோர்டேல் ஸ்கார் பிளவு, பிறகு மால்ஹம் கோவ். சுமார் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் பாறைச்சுவர். பக்கவாட்டில் ஏறத்தாழ 400 படி ஏறினால் உச்சியில் பாளம் பாளமாக வெடித்த கல் தரை. மழை பெய்திருந்தால் வழுக்கும். மொத்தச் சுற்று ஐந்து மைல், அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாறைச்சுவரில் வசந்தத்தில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும், ஆகவே தொலைநோக்கி கைவசம் இருக்கட்டும்.

இன்னொரு நாள் கிராசிங்டனிலிருந்து ஃப்ளீட் மாஸ் மேட்டைத் தாண்டி ஹாஸ், அங்கிருந்து பட்டர்டப்ஸ் கணவாய் வழியாக மியூக்கர். ஃப்ளீட் மாஸ் 589 மீட்டர். ஏப்ரலிலும் மேலே பனி விழ வாய்ப்புண்டு, காலையில் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹாஸில் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி வாங்கி, மியூக்கரில் கல் களஞ்சியங்களுக்கு நடுவே உட்கார்ந்து தின்னலாம்.

அப்புறம், காரே இல்லாத ஒரு நாள் கட்டாயம் வேண்டும். செட்டில் ஊரில் வண்டியை விட்டுவிட்டுக் கார்லைல் ரயிலில் ஏறுங்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தின் மேல் ரயில் போகும். ஓட்டியவரும் முதல்முறையாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்ப்பார். ரயில்கள் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வயல்வழி நடக்கும்போது, திறந்திருந்த வாயிற்படலைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள்.

காருக்குள் இருவர்

பயணத்தில் சண்டை வரும் இடம் பெரும்பாலும் தெரிந்ததுதான்: வழி தவறிய ரவுண்டானா. கிளம்புமுன் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் வழி, பார்க்கிங், பெட்ரோல், சாப்பாட்டு நேரம். வழி சொல்பவர் "அங்கே திரும்பு" என்று சொல்லக் கூடாது, "இரண்டாவது வெளிவழி, ஸ்டோ ஊர்ப் பலகை" என்று சொல்ல வேண்டும், அதுவும் ரவுண்டானா வருமுன். தவறிவிட்டால் தவறிவிட்டது. அடுத்த திருப்பம்வரை அதைப் பற்றிப் பேச்சே கூடாது.

பக்கத்தில் இருப்பவருக்குச் சுவர் உரசுவதுபோல் பயமாக இருக்கும், ஏனென்றால் சுவர் அவர் பக்கம். அவர் "கொஞ்சம் வலப்பக்கம்" என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ஓட்டும் பயணம் என்றால், மாலையில் எங்கே சாப்பிடுவது என்பதிலிருந்து மறுநாள் நடை வரை முடிவெடுக்கும் பாரத்தை மற்றவர் சுமக்கட்டும். ஓட்டிக் களைத்தவரிடம் "நீயே சொல்லு" என்பது கொடுமை. ஒரு நாள் ஒருவரின் விருப்பம், மறுநாள் மற்றவரின் விருப்பம் என்று வைத்தாலும் நன்றாக வேலை செய்யும். ஒருவர் தேவாலயங்களில் மணிக்கணக்கில் நிற்பார், மற்றவருக்கு ஆட்டுக்குட்டி போதும்.

சாப்பாடு

கிராமத்துப் பப்பில் சமையலறை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை வரை, மாலை ஆறிலிருந்து எட்டரை அல்லது ஒன்பது வரை. மூன்று மணிக்குப் பசியோடு போனால் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம்தான். எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் நேரம் போனதே தெரியாது, கவனம். திங்கட்கிழமை சில பப்புகளில் சமையலே இல்லை. ஞாயிறு மதிய விருந்துக்கு முன்பதிவு வேண்டும். பெரும்பாலும் கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும், மேசை எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், ஈஸ்டர் ஞாயிறன்று திறக்கவே திறக்காது. ஓட்டுபவர் அன்று குடிக்காமல் இருப்பதே நல்லது. தங்கும் ஊரிலேயே இரவுச் சாப்பாடு வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

பெட்டி

ஏப்ரல் பகலில் 10 முதல் 15 டிகிரி, இரவில் உறைபனியும் வரலாம். ஒரே தடிமன் கோட்டைவிட அடுக்கடுக்காகப் போடும் உடுப்புகள் மேல். மழையங்கி உண்மையிலேயே தண்ணீர் புகாததாக இருக்கட்டும், குடை மேட்டுக் காற்றில் நிற்காது. சேற்றில் நடக்கும் காலணி ஒன்று, காருக்கு வேறொன்று, சேற்றுக் காலணியைப் போட ஒரு பை. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். அவசர எண் 999. வாடகை நிறுவனத்தின் பழுது உதவி எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

காரைத் திருப்பித் தருவது

கிராசிங்டனிலிருந்து மான்செஸ்டர் விமான நிலையம் ஒன்றரை மணி நேரம் என்று வரைபடம் சொல்லும். வார நாள் காலையில் இரண்டரை வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குள் நுழையும் முன்பே எரிபொருளை நிரப்பி ரசீதை வாங்கி வையுங்கள். வாங்கியபோது எடுத்த அதே கோணங்களில் மறுபடியும் படம் எடுங்கள், முள்ளும் மைலும் உட்பட. முடிந்தால் ஊழியர் முன்னிலையில் ஒப்படைத்து, சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

வேகக் கேமராவோ நிறுத்துமிடக் கேமராவோ உங்களைப் பிடித்திருந்தால் அந்தக் கடிதம் முதலில் வாடகை நிறுவனத்துக்குத்தான் போகும். அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென ஒரு நிர்வாகக் கட்டணத்தை உங்கள் கார்டில் எடுப்பார்கள். அபராதம் தனியாக வரும். இதெல்லாம் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்தும் வரலாம். ஒப்பந்தம், படங்கள், பார்க்கிங் சீட்டுகள், பெட்ரோல் ரசீது எல்லாவற்றையும் ஆறு மாதமாவது ஒரே இடத்தில் வைத்திருங்கள், அதுவரை அந்தக் கார்டின் கணக்கையும் மாதாமாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.